ரொறன்ரோவில் கண்டெடுத்த பரம்பரையலகு: சிஸ்ரிக் பைப்ரோசிஸ் ஆய்வின் கதை



யூனிவர்சிற்றி அவெனியூவில் உள்ள சிக் கிட்ஸ் மருத்துவமனையை அறியாத தமிழ்க் குடும்பம் ரொறன்ரோவில் அரிது. பிள்ளைக்குக் காய்ச்சல் கூடினாலும், பேரப்பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை என்றாலும் நாங்கள் ஓடிப் போகும் இடம் அது. ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் 1980களில் நடந்த ஒரு தேடலின் கதை எங்களில் பலருக்குத் தெரியாது.

1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் ஆட்கள் இந்த நகரத்துக்கு வரத் தொடங்கினார்கள். 1986 ஆகஸ்டில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்துகொண்டிருந்ததை இங்குள்ள பத்திரிகைகள் முதற் பக்கத்தில் போட்டன. அதே ஆண்டுகளில்தான் சிக் கிட்ஸ் ஆய்வுகூடத்தில் ஒரு சிறு குழு, பிள்ளைகளை இளம் வயதிலேயே கொன்றுவந்த ஒரு பரம்பரை வருத்தத்தின் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த வருத்தத்தின் பெயர் சிஸ்ரிக் பைப்ரோசிஸ்.

"அது வெள்ளைக்காரரின் வருத்தம், எங்களுக்கு என்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்காகவே இந்த மாத உரை. பதிலைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கதையைக் கேளுங்கள்.

உப்புக் கரிக்கும் பிள்ளை

எங்கள் உடம்பின் கலங்களில் உப்பும் நீரும் போய்வருவதற்குச் சிறு வாசல்கள் உண்டு. அவற்றில் ஒன்று குளோரைட்டு என்ற உப்புக்கூறு போய்வரும் வாசல். சிஸ்ரிக் பைப்ரோசிஸ் உள்ளவர்களுக்கு இந்த வாசல் சரியாகத் திறப்பதில்லை, அல்லது வாசலே இருப்பதில்லை. அதனால் சுவாசப்பையில் ஊறும் சளி பசைபோலத் தடித்துவிடும். தடித்த சளிக்குள் கிருமிகள் குடியிருக்கும். திரும்பத் திரும்ப நிமோனியா வரும். சதையியிலிருந்து நொதியங்கள் வரும் குழாய்களும் அடைபட்டுவிடும். பிள்ளை எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு தேறாது. மலம் எண்ணெய்ப் பிடிப்பாக, கடும் நாற்றத்தோடு போகும். வியர்வையில் மட்டும் உப்பு மிஞ்சி நிற்கும்.

நெற்றியில் முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் பிள்ளை நீண்டநாள் வாழாது என்று ஐரோப்பாவில் பழைய காலத்து மக்களிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. மருத்துவ உலகம் இதைத் தனி வருத்தமாக அடையாளம் காண 1938 வரை சென்றது. நியூயோர்க்கில் குழந்தைகளின் உடல்களைப் பரிசோதித்து வந்த டொரதி அன்டர்சன் என்ற பெண் மருத்துவர், சதையி நார்ப்பிடித்துக் கட்டிகள் நிறைந்திருப்பதைக் கண்டு விவரமாக எழுதினார். பெயர் அதிலிருந்துதான் வந்தது.

1948இல் நியூயோர்க்கில் கடும் வெயில் அடித்தது. வெப்பத்தால் சோர்ந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் இந்த வருத்தம் உள்ளவர்கள் வழமைக்கு மாறாக அதிகமாக இருந்தார்கள். ஏன் என்று யோசித்த போல் டி சன்ற் அக்னீஸ் என்ற மருத்துவர், அவர்களின் வியர்வையில் உப்பு மிக அதிகம் என்பதை 1953இல் நிறுவினார். 1959இல் கிப்சன், குக் என்ற இருவர், கையில் சிறிது மருந்தும் மெல்லிய மின்னோட்டமும் கொடுத்து வியர்வையைச் சேகரிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அந்த வியர்வைப் பரிசோதனைதான் இன்றும் இந்த வருத்தத்தை உறுதிசெய்யும் பிரதான வழி. குளோரைட்டின் அளவு லீற்றருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் என்றால் வருத்தம் இருக்கிறது என்று கொள்வார்கள். 30க்குக் கீழே என்றால் பெரும்பாலும் இல்லை.

ரொறன்ரோவின் வெண்ணெய்

1960இல் பெற்றோர்களும் மருத்துவர்களும் சேர்ந்து கனடா சிஸ்ரிக் பைப்ரோசிஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அக்காலத்தில் இந்தப் பிள்ளைகளில் பலர் பாலர் வகுப்புக்குப் போகும் வயதைக்கூட எட்டவில்லை. 1960களிலிருந்து பல்கலைக்கழக மாணவர்கள் தெருவில் நின்று சப்பாத்துத் துடைத்துப் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள்.

சிக் கிட்ஸில் இந்தப் பிள்ளைகளைப் பார்த்து வந்தவர் டக்ளஸ் குரோசியர் என்ற மருத்துவர். அன்றைய மருத்துவ வழக்கம், கொழுப்புச் செரிக்காத பிள்ளைக்குக் கொழுப்பைக் குறை என்பது. பிள்ளைகள் பசியோடும் மெலிந்தும் இருந்தார்கள். குரோசியர் எதிர்த்திசையில் போனார். வெண்ணெய், பால், முட்டை, இறைச்சி எல்லாம் நன்றாகக் கொடுங்கள், அதைச் செரிக்க வைக்க நொதியக் குளிசைகளையும் தாராளமாகக் கொடுங்கள் என்றார். 1970களில் ரொறன்ரோப் பிள்ளைகள் அப்படித்தான் சாப்பிட்டார்கள்.

அது சரியா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் ஆய்வு வருகிறது. சிக் கிட்ஸில் பணியாற்றிய புள்ளிவிவர ஆய்வாளர் மேரி கோரியும் அவரோடு வேலைசெய்தவர்களும், ரொறன்ரோ நோயாளிகளையும் பொஸ்ரன் நோயாளிகளையும் ஒப்பிட்டு 1988இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இரண்டு இடத்திலும் சுவாசப்பையின் பலம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. ஆனால் ரொறன்ரோப் பிள்ளைகள் உயரமாகவும் பாரமாகவும் இருந்தார்கள். வாழும் வயதின் இடைநிலை பொஸ்ரனில் 21, ரொறன்ரோவில் 30. புதிய மருந்து எதுவும் இல்லை. வித்தியாசம் பெரும்பாலும் சாப்பாட்டுக் கோப்பையில் இருந்தது. அதன் பிறகு உலகம் முழுவதும் இந்தப் பிள்ளைகளின் உணவு முறை மாறியது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், மருத்துவ ஆய்வு என்றாலே உடம்பில் ஊசி போட்டுப் பரீட்சித்துப் பார்ப்பது என்று எங்களிடம் ஒரு பயம் இருக்கிறது. இந்த ஆய்வுக்கு யாருக்கும் ஊசி போடவில்லை. ஒவ்வொரு முறை கிளினிக்குக்கு வந்தபோதும் எழுதி வைத்த உயரம், நிறை, மூச்சின் அளவு ஆகியவற்றை ஒழுங்காகச் சேர்த்து வைத்து எண்ணிப் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

ஒன்றுகூட முடியாத சமூகம்

நல்ல செய்தியோடு கெட்ட செய்தியும் இதே நகரத்திலிருந்து போனது. 1984இல் சிக் கிட்ஸ் மருத்துவர்கள் ஒரு பற்றீரியாவைப் பற்றி எச்சரித்தார்கள். இன்று அதை பேர்க்கோல்டேரியா செபாசியா என்கிறார்கள். ஆரோக்கியமான ஒருவரை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் இந்த நோயாளிகளில் சிலரைச் சில வாரங்களுக்குள் கொன்றுவிட்டது. ஒரு நோயாளியிடமிருந்து இன்னொரு நோயாளிக்கு அது தொற்றுகிறது என்பது 1990களின் தொடக்கத்தில் உறுதியானது.

அதன் விளைவு மிகவும் வேதனையானது. அதுவரை இந்தப் பிள்ளைகளுக்குக் கோடைகால முகாம்கள் நடந்தன. தங்களைப்போல இருமும், தங்களைப்போல குளிசை போடும் நண்பர்களை ஆண்டுக்கு ஒருமுறை அங்கேதான் சந்தித்தார்கள். அந்த முகாம்கள் நிறுத்தப்பட்டன. கிளினிக்கிலும் ஒருவருக்கு ஒருவர் விலகியே இருக்க வேண்டும் என்று விதி வந்தது. கொவிட் காலத்தில் நாங்கள் சில மாதங்கள் அனுபவித்த தனிமையை, இவர்கள் பல பத்தாண்டுகளாக அனுபவித்து வருகிறார்கள்.

ஏழாம் நிறமூர்த்தத்தில் ஒரு தேடல்

இனி முக்கியமான கட்டத்துக்கு வருவோம். லாப்-சீ சுய் என்பவர் 1950இல் ஷங்காயில் பிறந்து ஹொங்கொங்கில் வளர்ந்தவர். அமெரிக்காவில் படித்து, 1981இல் சிக் கிட்ஸுக்கு வந்தார். எங்களைப்போலவே வேறொரு மொழியை வீட்டில் பேசிக்கொண்டு இந்த நகரத்துக்கு வந்த ஒருவர். மனுவேல் புக்வால்ட் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, இந்த வருத்தத்தை உண்டாக்கும் பரம்பரையலகு எந்த நிறமூர்த்தத்தில் இருக்கிறது என்று தேடத் தொடங்கினார்.

எப்படித் தேடுவது? ஒரே வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வருத்தம் உள்ள குடும்பங்களிடம் இரத்தம் கேட்டார்கள். தாய், தகப்பன், வருத்தமுள்ள பிள்ளை, சுகமான பிள்ளை என்று எல்லோரும் கொடுத்தார்கள். வருத்தமுள்ள பிள்ளைகள் எல்லோரும் பெற்றோரிடமிருந்து எந்தத் துண்டைப் பொதுவாகப் பெற்றிருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மனித டிஎன்ஏயின் வரைபடம் இல்லாத காலம் அது. வீதிப் பெயரும் இலக்கமும் இல்லாத ஊரில் ஒரு வீட்டைத் தேடுவது போன்ற வேலை.

1985இல் ஊர் தெரிந்தது: ஏழாம் நிறமூர்த்தம். இலண்டனிலும் அமெரிக்காவிலும் வேறு குழுக்கள் போட்டிக்கு ஓடிக்கொண்டிருந்தன. 1987இல் இலண்டன் குழு பரம்பரையலகை நெருங்கிவிட்டதாக அறிவித்தது. ஆனால் அது வேறொன்று என்று பிறகு தெரிந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பிரான்சிஸ் கொலின்ஸ் என்பவர் நிறமூர்த்தத்தில் நீண்ட தூரம் தாவிப்போய்த் தேடும் ஒரு முறையை உருவாக்கியிருந்தார். சுய்யும் அவரும் போட்டியை விட்டுவிட்டுக் கைகோர்த்தார்கள். சிக் கிட்ஸில் ஜாக் ரியோர்டன் வியர்வைச் சுரப்பிக் கலங்களை வளர்த்துக் கொடுத்தார். யொஹானா றொமென்ஸ், இஸ்ரேலிலிருந்து வந்த பத்ஷேவா கெரெம் ஆகிய பெண் ஆய்வாளர்கள் ஆய்வுகூடத்தில் இரவு பகலாக உழைத்தார்கள்.

1989 ஆகஸ்ட் 24ஆம் திகதி கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது. செப்டெம்பர் 8ஆம் திகதி சயன்ஸ் சஞ்சிகையில் மூன்று கட்டுரைகள் ஒன்றாக வந்தன. அந்தப் பரம்பரையலகுக்கு சி.எவ்.ரி.ஆர். என்று பெயர். அது 1,480 அமினோவமிலங்கள் கோத்த ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. நாங்கள் முதலில் பார்த்த குளோரைட்டு வாசல் அதுதான். வருத்தத்துக்குக் காரணமான பரம்பரையலகுகளில் சுமார் 70 வீதமானவற்றில் ஒரே பிழைதான் இருந்தது: 508ஆம் இடத்தில் இருக்க வேண்டிய பீனைல்அலனீன் என்ற ஒரேயொரு அமினோவமிலம் காணாமற் போயிருந்தது. ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் மணிகள் கோத்த மாலையில் ஒரு மணி குறைந்ததால் ஒரு பிள்ளையின் ஆயுள் குறைந்தது. இந்தப் பிழையை டெல்ரா எவ் 508 என்கிறார்கள்.

உலகெங்கும் கண்டுபிடிக்கப்படும் மற்றப் பிழைகளைச் சேர்த்து வைக்க ஒரு தரவுத்தொகுப்பையும் சுய் ரொறன்ரோவில் தொடங்கினார். இன்று அத்தகைய மாற்றங்கள் 2,000க்கும் மேல் பதிவாகியிருக்கின்றன. சுய் பிறகு ஹொங்கொங் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார்.

முப்பது ஆண்டுக் காத்திருப்பு

காரணம் தெரிந்துவிட்டது, இனி மருந்து சில ஆண்டுகளில் வந்துவிடும் என்று 1989இல் பலர் நம்பினார்கள். அப்படி நடக்கவில்லை. நல்ல பரம்பரையலகைச் சுவாசப்பைக்குள் செலுத்தும் முயற்சிகள் 1990களில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. இடையில் பலரைக் காப்பாற்றியது சுவாசப்பை மாற்றுச் சத்திரசிகிச்சை. அதிலும் ரொறன்ரோவே முன்னோடி. ரொறன்ரோ ஜெனரல் மருத்துவமனையில் ஜோயல் கூப்பரின் குழு 1983இல் உலகின் முதல் வெற்றிகரமான ஒற்றைச் சுவாசப்பை மாற்றத்தையும், 1986இல் இரட்டைச் சுவாசப்பை மாற்றத்தையும் செய்தது. இந்த வருத்தம் உள்ளவர்களுக்கு இரண்டையும் மாற்ற வேண்டும். ஒன்றை விட்டால் அதிலுள்ள கிருமி புதியதையும் கெடுத்துவிடும்.

வாசலையே திருத்தும் முதல் மருந்து 2012இல் வந்தது. ஆனால் அது சிறு தொகையினருக்கே உதவியது. டெல்ரா எவ் 508 உள்ளவர்களுக்குப் பெரும் பலன் தந்த மூன்று மருந்துக் கூட்டான ரைகாப்ரா 2019 ஒக்டோபரில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அதற்கு முன்னர் பல நாடுகளில் 403 நோயாளிகள் அந்த மருந்தையோ வெற்றுக் குளிசையையோ எடுத்து ஆய்வில் பங்குபற்றினார்கள். மருந்து எடுத்தவர்களின் மூச்சுப் பலம் வெற்றுக் குளிசை எடுத்தவர்களைவிட ஏறத்தாழ 14 வீதப் புள்ளிகள் உயர்ந்தது. அந்த ஆய்வுக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் ரொறன்ரோ செயின்ற் மைக்கல்ஸ் மருத்துவமனையின் மருத்துவர் எலிசபெத் ருல்லிஸ்.

மருந்து வந்தது, விலையும் வந்தது. கனடாவில் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் டொலர். கனடா சுகாதாரத் திணைக்களம் 2021 ஜூனில் அங்கீகரித்தது. பெற்றோரும் நோயாளிகளும் அரசுகளிடம் விடாமல் கேட்டதன் பின், 2021 செப்டெம்பரில் ஒன்ராறியோ தன் பொது மருந்துத் திட்டத்தில் அதைச் சேர்த்தது.

நோயாளிகளின் விபரங்களைக் கனடா 1970களிலிருந்தே தேசியப் பதிவேட்டில் சேர்த்து வருகிறது. அதை வைத்து செயின்ற் மைக்கல்ஸ் மருத்துவமனையின் ஆன் ஸ்ரீவன்சன் குழு 2017இல் ஒரு முக்கியமான ஒப்பீட்டை வெளியிட்டது. 2009 முதல் 2013 வரையான காலத்தில் வாழும் வயதின் இடைநிலை கனடாவில் 50.9, அமெரிக்காவில் 40.6. பத்து ஆண்டு வித்தியாசம். தனியார் காப்புறுதி உள்ள அமெரிக்கர்களோடு ஒப்பிட்டபோது அந்த வித்தியாசம் தென்படவில்லை. காப்புறுதி இல்லாதவர்களோடு ஒப்பிட்டபோது மிகப் பெரிதாக இருந்தது. எங்கள் பையில் இருக்கும் ஓஹிப் அட்டையின் பெறுமதியை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

எங்களுக்கு என்ன?

இப்போது முதலில் எழுந்த கேள்விக்கு வருகிறேன்.

ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ 25 பேரில் ஒருவர் இந்தப் பிழையைச் சுமக்கிறார். எங்களிடம் அது குறைவு. ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. இந்தியாவில் 1960களின் பிற்பகுதியிலேயே இந்த வருத்தம் உள்ள பிள்ளைகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். டெல்லியிலும், தமிழ்நாட்டின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் இந்தப் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். வெப்பமான எங்கள் நாடுகளில் வியர்வையோடு உப்பு வெளியேறிக் குழந்தை திடீரென வாடிவிடுவதும் உண்டு. பலர் காசநோய் என்றோ, தொய்வு என்றோ, போசாக்குக் குறைவு என்றோ கருதப்பட்டு, பெயர் தெரியாமலே போயிருக்கிறார்கள்.

ஒன்ராறியோவில் 2008 ஏப்ரல் முதல், பிறந்த குழந்தையின் குதிக்காலில் எடுக்கும் இரத்தத்தில் இந்த வருத்தத்தையும் தேடுகிறார்கள். முதலில் சதையி சம்பந்தமான ஒரு பொருளின் அளவைப் பார்ப்பார்கள். அது கூடுதலாக இருந்தால் அறியப்பட்ட பிழைகளின் பட்டியலோடு ஒப்பிடுவார்கள். இங்கேதான் சிக்கல். அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் ஐரோப்பியக் குடும்பங்களின் இரத்தத்திலிருந்து உருவானவை. இந்திய நோயாளிகளில் டெல்ரா எவ் 508இன் பங்கு பாதியைவிடக் குறைவு. மற்றவை அரிய பிழைகள். ஆகவே எங்கள் பிள்ளையொன்றைப் பரிசோதனை தவறவிடும் வாய்ப்பு, வெள்ளைக்காரப் பிள்ளையைவிடக் கூட. மருந்தும் அப்படித்தான். அரிய பிழை என்றால், அதற்கு அந்த மருந்து வேலை செய்யுமா என்று முதலில் தெரிய வேண்டும். 2020 டிசெம்பரில் அமெரிக்கா மேலும் 177 பிழைகளை ரைகாப்ராவுக்கு உரியவையாகச் சேர்த்தது. அப்படிச் சேர்க்க, அந்தப் பிழைகளை யாரோ சுமந்திருந்து, யாரோ இரத்தம் கொடுத்து, யாரோ பதிந்திருக்க வேண்டும். பதிவேட்டில் இல்லாதவருக்குப் பட்டியலிலும் இடமில்லை.

இதற்கு எங்கள் பக்கத்திலும் தடைகள் உண்டு. பட்டாளத்திடமும் பொலிசாரிடமும் பெயர், முகவரி கொடுத்து அனுபவித்தவர்கள் நாங்கள். ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து என்றால் மனம் பின்வாங்கும். அது நியாயமான பயம். ஆனால் இங்கே ஆய்வுப் படிவம் என்பது வேறு. விருப்பமில்லாவிட்டால் மறுக்கலாம். சேர்ந்த பிறகும் விலகலாம். அதனால் வைத்தியம் குறையக் கூடாது. விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பரம்பரைப் பரிசோதனை முடிவால் காப்புறுதி போய்விடும் என்று பயப்படுபவர்களும் உண்டு. 2017இல் கனடா நிறைவேற்றிய சட்டம், அந்த முடிவைக் காட்டும்படி காப்புறுதி நிறுவனமோ வேலை கொடுப்பவரோ வற்புறுத்துவதைக் குற்றமாக்கியது. 2020இல் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை உறுதிசெய்தது.

இன்னொரு பயம், சம்பந்தம் பேசும்போது வரும் பேச்சு. இந்த வருத்தம் தாயின் குற்றமோ, செய்வினையோ அல்ல. தாய் தகப்பன் இருவருமே பிழையைச் சுமந்தால் மட்டுமே பிள்ளைக்கு வரலாம். அப்போதும் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்புத்தான். சுமப்பவர்கள் பொதுவாகச் சுகமாகவே இருப்பார்கள். மச்சான் மச்சாள் கலியாணத்தில் ஒரே பிழை இருவரிடமும் இருக்கும் வாய்ப்புச் சற்றுக் கூடும். அதனால் சொந்தத்துக்குள் கட்டியவர்கள் குடும்ப வைத்தியரிடம் அதை மறைக்காமல் சொல்வது நல்லது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆகவே நேயர்களே, பிள்ளைக்கு அடிக்கடி நெஞ்சுச் சளி, நன்றாகச் சாப்பிட்டும் நிறை கூடவில்லை, மலத்தில் எண்ணெய், முகத்தில் காய்ந்த உப்பு என்றிருந்தால், அதிலும் பிள்ளை 2008க்கு முன்னரோ வேறு நாட்டிலோ பிறந்திருந்தால், வைத்தியரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "வியர்வைப் பரிசோதனை செய்து பார்க்கலாமா?" ஊசியில்லாத பரிசோதனை அது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வேறு சிறு காரணமாகவே இருக்கும். நிம்மதியோடு வீடு திரும்பலாம்.

1980களில் இந்த நகரத்தில் சில குடும்பங்கள், தங்கள் பிள்ளைகளுக்குப் பலன் கிடைக்குமா என்று தெரியாமலே கையை நீட்டி இரத்தம் கொடுத்தன. அந்தப் பிள்ளைகளில் பலர் மருந்து வரும்வரை இருக்கவில்லை. இன்று குளிசை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகள் அவர்களின் கொடையால் வாழ்கிறார்கள். அந்தப் பட்டியலில் எங்கள் பெயர்களும் சேர வேண்டும்.

இன்னொரு உரையில் அடுத்த மாதம் சந்திப்போம்.